கணினிக் கண் விண்ணளந்த வரலாறு

தோற்றுவாய்

அறிவியல் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் பெருங்கருவிகளின் வரலாற்றையே எழுதுகின்றனர். மலையுச்சியில் நிற்கும் மாபெரும் தொலைநோக்கிகளும், விண்ணில் சுற்றிவரும் ஆய்வுக்கூடங்களும் அவ்வரலாற்றில் முதலிடம் பெறுகின்றன. அரசுகளின் பொருளும் பல்கலைக்கழகங்களின் புலமையும் கூடி உருவாக்கிய அவற்றின் பெருமையை மறுப்பார் இலர். ஆயினும், அவ்வரலாற்றின் ஓரத்தில் ஒரு சிற்றதிகாரமும் உண்டு. தொலைவில் உள்ளவரின் முகம் பார்த்துப் பேசுவதற்காகக் கடைகளில் விற்கப்பட்ட ஒரு மலிவான பொருளைக் கொண்டு, ஊதியம் ஏதும் பெறாத ஆர்வலர்கள் கோள்களையும் ஒண்முகில்களையும் படம்பிடித்த அதிகாரம் அது. வெப்கேம் என்று பலரும் வழங்கும் கணினிப் படக்கருவியே அப்பொருள்.

1990களின் நடுவில் தொடங்கிய இவ்வரலாறு, ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளில் தன் பணியை முடித்துக்கொண்டது. எனினும் அதன் விளைவு இன்றும் நிலைத்திருக்கின்றது. விளையாட்டுப் பொருளாகக் கருதப்பட்ட ஒன்று ஆய்வுக் கருவியாக உயர்ந்தது எங்ஙனம்? அதனை உயர்த்தியது எது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பது, மாணவர்க்கு அறிவியலைக் கற்பிக்கும் நமக்குப் பெரிதும் பயன் தருவதாகும்.

ஆர்வலர் மரபு

வானியலில் தொழில்முறை அறிஞர்க்கும் ஆர்வலர்க்கும் இடையே உயர்ந்த மதில் என்றும் இருந்ததில்லை. 1781ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் யுரேனஸ் கோளைக் கண்டறிந்த வில்லியம் ஹெர்ஷல், இங்கிலாந்தின் பாத் நகரில் இசை கற்பித்தும் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தும் வாழ்ந்தவர். கோளைக் காட்டிய தொலைநோக்கி, அவரே தேய்த்து மெருகிட்ட ஆடியைக் கொண்டது.

வானத்தை ஒளிப்படமாகப் பதிக்கும் கலையிலும் இம்மரபே தொடர்ந்தது. 1840ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ஜான் வில்லியம் டிரேப்பர், வெள்ளி பூசிய தகட்டில் நிலவின் படத்தை ஏறத்தாழ இருபது நிமிடம் ஒளிபடச் செய்து எடுத்தார். 1883இல், சுகாதாரப் பொறியாளராகப் பணியாற்றிய ஆண்ட்ரூ ஐன்ஸ்லி காமன், இலண்டனை அடுத்த ஈலிங்கிலிருந்த தம் இல்லத்துத் தோட்டத்தில் அமைத்த தொலைநோக்கியால் ஓரியன் ஒண்முகிலைப் படம்பிடித்தார். மனிதக் கண்ணுக்குப் புலப்படாத விண்மீன்களும் அப்படத்தில் பதிந்திருந்தன. கண்ணினும் தகடு கூர்மையானது என்பதை உலகம் அறிந்தது. 1888இல் ஐசக் ராபர்ட்ஸ் என்னும் லிவர்பூல் கட்டட ஒப்பந்தக்காரர், ஆண்டிரோமீடா மண்டலத்தின் சுருள் வடிவைத் தம் படத்தால் வெளிப்படுத்தினார்.

இவர்கள் தத்தம் தொழிலில் கற்ற கைத்திறனை வானியலுக்குக் கொணர்ந்தவர்கள். ஆனால் இருபதாம் நூற்றாண்டில் தொலைநோக்கிகள் பெருகிப் பெருத்தபோது, ஆர்வலர்கள் படிப்படியாகப் பின்தங்கினர். பெருங்கருவிகளை விலை கொடுத்து வாங்க அவர்களால் இயலவில்லை. இடைவெளி விரிந்தது.

ஒளியைச் சேர்க்கும் மணற்சில்லு

1969ஆம் ஆண்டு அக்டோபரில், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லர்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்னும் இருவர், பின்னாளில் சிசிடி எனப் பெயர் பெற்ற சில்லினை வடிவமைத்தனர். அப்பணிக்காக 2009இல் அவர்கட்கு நோபல் பரிசு கிடைத்தது. மணலிலிருந்து பெறும் சிலிக்கான் என்னும் பொருளால் ஆகிய அச்சில்லில், நுண்ணிய கட்டங்கள் வரிசை வரிசையாக அமைந்திருக்கும். ஒளி படுந்தோறும் ஒவ்வொரு கட்டத்திலும் மின்னூட்டம் சேரும்.

இது செயற்படும் முறையை நம் நாட்டுப் பால்மரத் தோட்டத்தைக் கொண்டே மாணவர்க்கு விளக்கலாம். ஒவ்வொரு மரத்திலும் ஒரு மங்கு கட்டப்பட்டிருக்கின்றது. பால் சொட்டுச் சொட்டாக அதில் இறங்குகின்றது. உரிய நேரம் வந்ததும் பால் எடுப்பவர் நிரை நிரையாகச் சென்று மங்குகளைக் காலி செய்து, நிறுக்கும் இடத்திற்குக் கொண்டு சேர்க்கின்றார். எந்த மரம் எவ்வளவு பால் தந்தது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்து எழுதினால், அக்கணக்கே தோட்டத்தின் படமாகிவிடும். சிசிடியின் கட்டங்களே மங்குகள். ஒளியே பால். அளந்து எழுதிய எண்களே ஒளிப்படம்.

பழைய ஒளிப்படத் தகடு, தன்மேல் விழும் ஒளியில் நூற்றில் ஓரிரு பங்கையே பயன்படுத்தியது. சிசிடியோ பாதிக்கு மேற்பட்ட பங்கைப் பற்றிக்கொண்டது. 1970களின் நடுப்பகுதியிலேயே வானியலார் இதனைத் தொலைநோக்கியில் பொருத்திப் பார்த்தனர். அடுத்த பத்தாண்டுகளில் பெரிய ஆய்வகங்களில் தகட்டின் ஆட்சி முடிவுக்கு வந்தது. ஆனால் ஆர்வலர்க்கென விற்கப்பட்ட, குளிரூட்டும் வசதியுடைய சிசிடி கருவிகளோ 1990களில் ஆயிரக்கணக்கான டாலர் விலை பெற்றன. ஆசிரியர்க்கும் எழுத்தர்க்கும் தொழிலாளர்க்கும் அவை எட்டாக் கனியாகவே இருந்தன.

காப்பிக் குவளையிலிருந்து கடைத்தெருவுக்கு

இந்நிலையில், வானியலோடு யாதொரு தொடர்பும் இல்லாத இடத்திலிருந்து வழி பிறந்தது. 1991ஆம் ஆண்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியோர், வேறோர் அறையில் இருந்த காப்பிக் கலத்தில் காப்பி உள்ளதா என்பதைத் தம் இருக்கையிலிருந்தே அறிய விரும்பினர். அதற்காக ஒரு படக்கருவியை அக்கலத்தை நோக்கி நிறுத்தினர். 1993இல் அப்படம் இணையத்தில் ஏறி, உலகெங்கும் உள்ளோர் ஒரு காப்பிக் கலத்தை எட்டிப் பார்க்கும் விந்தை நிகழ்ந்தது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அக்கருவி நிறுத்தப்பட்டது. வெப்கேமின் முன்னோடி என்று வரலாறு குறிப்பது இதனையே.

1994இல் அமெரிக்காவின் கனெக்டிக்ஸ் நிறுவனம் குவிக்கேம் என்னும் உருண்டை வடிவக் கருவியைக் கடைக்குக் கொணர்ந்தது. விலை ஏறத்தாழ நூறு டாலர். அதன் படம் 320க்கு 240 புள்ளிகள் கொண்டது. கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே பதினாறு படிநிலைகளையே அது காட்டியது. அடுத்த சில ஆண்டுகளில் வண்ணக் கருவிகள் தோன்றின. பிலிப்ஸ் நிறுவனத்தின் வெஸ்டா, டூயூகேம் என்னும் வகைகள் 640க்கு 480 புள்ளிகள் உடையனவாய் வந்தன. அவற்றின் உள்ளே இருந்தது சோனி நிறுவனம் செய்த உண்மையான சிசிடி சில்லு.

இங்கேதான் ஆர்வலரின் அறிவு விழித்துக்கொண்டது. கடைக்காரர் அப்பெட்டியின்மேல் ‘முகம் பார்த்துப் பேசும் கருவி’ என்று எழுதியிருந்தார். வாங்கிய பல்லாயிரவர் அதனை அவ்வாறே கண்டனர். ஆர்வலர் சிலரோ, ‘இதனுள் இருப்பது என்ன?’ என்று வினவினர். ‘ஒளியை மின்னூட்டமாக்கும் சில்லு’ என்பது விடை. அவ்வாறாயின், அவ்வொளி முகத்திலிருந்து வந்தால் என்ன, வியாழனிலிருந்து வந்தால் என்ன? அவ்வினாவே இவ்வரலாற்றின் வித்து.

கண்ணாடியை நீக்கிய கைகள்

முதல் மாற்றம் மிக எளியது. கருவியின் முன்னுள்ள சிறு கண்ணாடி வில்லையைத் திருகிக் கழற்றினர். தொலைநோக்கியின் பெரிய ஆடியே இனி அதற்கு வில்லை. எஞ்சிய கருவியைத் தொலைநோக்கியின் கண்ணருகுக் குழாயில் பொருத்துவது எப்படி? அக்குழாயின் உட்குறுக்களவு ஒன்றேகால் அங்குலம். அக்காலத்தில் ஒளிப்படக் கடைகள் தோறும் வீசியெறியப்பட்ட படச்சுருள் டப்பா, ஏறத்தாழ அதே குறுக்களவு உடையது. டப்பாவின் அடியை அறுத்துக் கருவியின் முகப்பில் ஒட்டினால், இணைப்புக் குழாய் அணியமாகிவிடும். ஒரு கழிவுப் பொருள், விலையுயர்ந்த கடைசல் வேலைக்கு ஈடாயிற்று.

சிக்கல்களும் எழுந்தன. வில்லையோடு அகச்சிவப்பு ஒளியைத் தடுக்கும் வடிகட்டியும் நீங்கிவிட்டமையால், வண்ணங்கள் திரிந்தன. அதற்கெனத் தனி வடிகட்டியை முன்வைத்து அக்குறையைத் தீர்த்தனர். சில்லின் பரப்போ மிகச் சிறியது. ஏறத்தாழ 3.6 மில்லிமீட்டர் அகலமும் 2.7 மில்லிமீட்டர் உயரமுமே உடையது. நிலவு முழுவதையும் அதில் அடக்குதல் அரிது. ஆனால் கோள்களோ வானில் மிகச் சிறிய வட்டங்கள். அவற்றிற்கு அச்சிறு பரப்பே போதும். குறையே குணமாயிற்று.

காற்றை வென்ற கணக்கு

கோள்களைப் படம்பிடிப்பார்க்குப் பெரும்பகை, நம் தலைமேல் உள்ள காற்றே. சூடும் குளிருமாகிய காற்றுப் படலங்கள் ஓயாது அலைவதால், ஆற்றின் அடியில் கிடக்கும் கூழாங்கல் நெளிவது போலக் கோளின் உருவம் நெளிகின்றது. படச்சுருளில் வியாழனைப் பதிக்கச் சில நொடிகள் தேவைப்பட்டன. அந்நொடிகளில் நிகழ்ந்த நெளிவுகள் அனைத்தும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து படத்தை மங்கச் செய்தன.

இடையிடையே ஒரு கணம் காற்று அமைதியுறும். அக்கணத்தில் மட்டும் உருவம் தெளியும். அவ்வாறு வாய்க்கும் நற்கணங்களின் நிகழ்தகவை, 1978இல் டேவிட் ஃபிரைடு என்னும் அறிஞர் கணக்கிட்டு வெளியிட்டார். அக்கணங்களைப் பிடிக்க வல்ல மலிவான கருவி எது? நொடிக்குப் பல படங்களாக இடைவிடாது எடுத்துக் கணினிக்கு அனுப்பும் வெப்கேமே. நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான படங்களை எடுத்து, தெளிந்தவற்றை மட்டும் தேர்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி காண்பதே முறையாயிற்று. இதில் ஓர் அழகிய கணக்கு உண்டு. தனிப்படத்தில் தோன்றும் புள்ளிக்குறைகள் தாறுமாறானவை. ஆகவே கூட்டும் படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்திற்கு ஏற்ப அவை குறையும். நானூறு படங்களைச் சேர்த்தால், குறை இருபதில் ஒரு பங்காகிவிடும்.

இப்பணியைச் செய்யும் கணினி நிரல்களையும் ஆர்வலரே எழுதினர். 2002இல் நெதர்லாந்தைச் சேர்ந்த கார் பெரெவூட்ஸ், ரெஜிஸ்டாக்ஸ் என்னும் நிரலை எழுதி, அனைவரும் விலையின்றிப் பெறுமாறு வழங்கினார். 2003ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள், ஏறத்தாழ அறுபதாயிரம் ஆண்டுகளில் இல்லாத அளவுக்குச் செவ்வாய் புவியை நெருங்கி, 5 கோடியே 57 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்றது. அவ்வேளையில் பல நாடுகளிலும் வீட்டு முற்றங்களில் வெப்கேம்கள் செவ்வாயை நோக்கின. முந்திய தலைமுறையில் பெரிய ஆய்வகங்களும் எளிதில் எடுத்திராத தெளிவான படங்கள், அம்முற்றங்களில் உருவாயின.

பால் எடுப்பவரை நிறுத்திய கதை

கோள்கள் ஒளிமிக்கவை. ஒண்முகில்களும் தொலை மண்டலங்களும் அவ்வாறல்ல. அவற்றின் மங்கிய ஒளியைச் சேர்க்க நீண்ட நேரம் வேண்டும். வெப்கேமோ நொடியின் சிறு கூற்றுக்கு மேல் ஒளியைச் சேர்க்க இயலாதவாறு செய்யப்பட்டது. இதனை மாற்றிய பெருமை, பிரிட்டனைச் சேர்ந்த ஸ்டீவ் சேம்பர்ஸ் என்பாரைச் சாரும். 2000களின் தொடக்கத்தில் பிலிப்ஸ் வெஸ்டாவைத் திறந்து, அதன் மின்சுற்றை அவர் ஆராய்ந்தார்.

மீண்டும் தோட்டத்திற்கு வருவோம். வெப்கேமினுள் பால் எடுப்பவர் நொடிக்குப் பலமுறை ஓடிவந்து மங்குகளைக் காலி செய்கின்றார். பால் குறைவாகச் சுரக்கும் மரங்களில் மங்கின் அடிகூட நனைவதில்லை. அவரைச் சற்றே காத்திருக்கச் செய்தால் மங்கு நிறையும் அன்றோ? காலி செய்க என்னும் கட்டளை, மின்துடிப்பாக எந்தக் கம்பி வழியே செல்கின்றது என்று கண்டு, அவ்விணைப்பைத் துண்டித்து, சிறு மின்வாயில் ஒன்றை இடையே வைத்து, அதனைக் கணினியின் அச்சுப்பொறித் துளையோடு இணைத்தார் சேம்பர்ஸ். இனிக் கட்டளை செல்வதும் நிற்பதும் கணினியின் முன் அமர்ந்திருப்பவர் விருப்பம். நொடியின் சிறு கூறு, பல நொடியாகவும் நிமிடமாகவும் நீண்டது.

காத்திருந்தால் மங்கில் பால் மட்டுமா சேரும்? மழைநீரும் சேரும். சில்லின் வெப்பத்தால் தானே தோன்றும் மின்னூட்டம் அத்தகையது. தொலைநோக்கியின் வாயை மூடி, அதே நேர அளவில் இருட்படம் ஒன்றை எடுத்து, அதனைக் கழித்து இக்குறையைப் போக்கினர். சில்லை ஒட்டிய பெருக்கி, படத்தின் மூலையில் ஒளிக்கறையை உண்டாக்கியது. ஒளி சேரும் நேரத்தில் பெருக்கியை அணைக்கும் இணைப்பு ஒன்றையும் கண்டனர். வண்ணச் சில்லைப் பெயர்த்து, கூர்மை மிக்க கறுப்பு வெள்ளைச் சில்லைப் பதித்தவர்களும் உளர். சூட்டுக்கோலின் நுனியைவிட மெல்லிய கால்களில் ஈயம் பற்றவைக்கும் பணி அது. கை நடுங்கினால் கருவி கெடும். உடலில் தேங்கிய நிலைமின்சாரம் பட்டாலும் கெடும். நிறுவனத்தின் உத்தரவாதமோ பெட்டியைத் திறந்த அன்றே போய்விடும். இவ்வளவும் அறிந்தே அவர்கள் திறந்தனர்.

இம்மாற்றங்களில் எதனையும் எவரும் மறைத்து வைக்கவில்லை என்பது நாம் கருத்தூன்றி நோக்கத் தக்கது. சுற்றுப்படமும் செய்முறையும் கண்டவுடன் வெளியிடப்பட்டன. ஒருவர் கண்டதை இன்னொருவர் திருத்தினார். அவர் திருத்தியதை மூன்றாமவர் எளிதாக்கினார். கருவியை மலிவாக்கியது தொழிற்சாலை. அறிவை மலிவாக்கியது இப்பகிர்வு. இரண்டாவது இல்லையேல் முதலாவதால் விளைந்திருக்கக் கூடியது சிறிதே.

வியாழனின் காவலர்

இவற்றால் அறிவியலுக்கு விளைந்த பயன் யாது? பெரிய தொலைநோக்கிகளின் நேரம் பங்கிட்டுத் தரப்படுவது. ஒரே கோளை இரவுதோறும் காவல் காக்க அவற்றால் இயலாது. முற்றத்து ஆர்வலர்க்கு இயலும்.

வியாழனின் தென்பாதியில் இருந்த மூன்று வெண்ணிறச் சுழல்கள் 1998க்கும் 2000க்கும் இடையே ஒன்றாகிப் பெருஞ்சுழலாயின. 2006ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள், பிலிப்பைன்சின் செபு நகரைச் சேர்ந்த கிறிஸ்டோஃபர் கோ, அச்சுழல் செந்நிறம் பூண்டிருப்பதைத் தம் படத்தில் கண்டு உலகிற்கு அறிவித்தார். பதினோர் அங்குலத் தொலைநோக்கி அவருடையது. ஏப்ரலில் ஹப்பிள் விண்தொலைநோக்கி அதனை நோக்கித் திரும்பியது. செபு, நிலநடுக்கோட்டிற்கு வடக்கே பத்துப் பாகை அளவில் உள்ளது. கோள்கள் அங்கு வானில் உயர்ந்தே செல்லும். நம் நாட்டு வானத்திற்கும் இச்சிறப்பு உண்டு என்பதை மாணவர்க்குச் சொல்லலாம்.

2009ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள், ஆஸ்திரேலியாவின் முரம்பேட்மனில் கணினி நிரலாளரான அந்தோனி வெஸ்லி, வியாழனின் தென்முனை அருகே புதிய கரும்புள்ளி ஒன்றைக் கண்டார். ஏதோ ஒரு வான்பொருள் மோதிய வடு அது. மே மாதப் பழுதுபார்ப்புக்குப் பின் சோதனையில் இருந்த ஹப்பிள், அச்சோதனையை இடைநிறுத்தி, ஜூலை 23இல் அவ்வடுவைப் படம்பிடித்தது. 2010ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாளோ, வெஸ்லியும் கோவும் வெவ்வேறு நாடுகளிலிருந்து, வியாழனில் ஏறத்தாழ இரு நொடியளவே தோன்றி மறைந்த ஒளிப்பொறியை ஒரே நேரத்தில் பதிவு செய்தனர். ஏறத்தாழப் பத்து மீட்டர் அளவுள்ள பொருள் ஒன்று அங்கு எரிந்தழிந்தது என்று அறிஞர் கணித்தனர். ஒருவர் மட்டும் கண்டிருந்தால் கருவியின் பிழையென்று ஒதுக்கியிருப்பர். இருவர் கண்டமையால் அது சான்றாயிற்று.

2009, 2010ஆம் ஆண்டுகளின் இக்கண்டுபிடிப்புகள் பழைய வெப்கேமால் நிகழ்ந்தவை அல்ல. அதன் வழித்தோன்றலாகிய வேகமிக்க படக்கருவிகளால் நிகழ்ந்தவை. ஆயின், பல படம் எடுத்து நல்லன தேர்ந்து சேர்க்கும் முறை, வெப்கேம் காலத்து ஆர்வலரிடையே பரவிப் பண்பட்டதே ஆகும்.

நிறைவுரை

2000களின் இறுதியில், சிசிடி பொருந்திய வெப்கேம்கள் கடைகளிலிருந்து மறைந்தன. வேறு வகைச் சில்லுகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. கணினியின் பழைய அச்சுப்பொறித் துளையும் மறைந்தது. படச்சுருள் டப்பாவும் அரிதாயிற்று. வானியலுக்கென்றே செய்யப்பட்ட, விலை குறைந்த படக்கருவிகள் 2010களில் பெருகின. இன்று விரும்புவோர் அவற்றை வாங்கி, திறவாமலே பயன்படுத்தலாம். இஃது ஏற்றமே. முன்னினும் பலர் இன்று வானைப் படம்பிடிக்கின்றனர். ஆனால் திறந்து பார்க்க வேண்டிய தேவை நீங்கியபோது, திறந்து பார்த்ததால் பெற்ற அறிவும் நீங்கிவிடும் இடர் உண்டு.

ஆசிரியப் பெருமக்களே! நம் மாணவர் கையில் இன்றிருக்கும் கைப்பேசியின் கண், அன்றைய குவிக்கேமினும் பன்மடங்கு கூர்மையானது. விலையால் வந்த தடை பெரிதும் நீங்கிவிட்டது. எஞ்சியிருப்பது வினா ஒன்றே. ‘இதனால் என்ன செய்யலாம் என்று விற்றவர் சொன்னார்?’ என்று கேட்பவன் நுகர்வோன். ‘இது உண்மையில் என்ன செய்கின்றது?’ என்று கேட்பவன் மாணவன். இரண்டாம் வினாவை நம் வகுப்பறையில் எழச் செய்தல் நம் கடன். அதற்கு ஆய்வுக்கூடமோ மானியமோ காத்திருக்கத் தேவையில்லை. பழுதாகி ஓரத்தில் கிடக்கும் ஒரு பழைய படக்கருவியும், ஒரு சிறு திருப்புளியும், மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டுத் திறக்கலாம் என்று ஆசிரியர் தரும் இசைவுமே போதும்.